ஏர் பிடித்த எந்தையார்

சமணர் என்றவுடன் வணிகரையே நினைப்போர் பலர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துத் தமிழ்ச் சமணர் வழிவழியாக உழுதுண்டு வாழ்ந்தவர் என்பதை அவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியுள்ளது. வந்தவாசிக்கு அருகில் வாழ்ந்த எந்தையாரும் அத்தகைய உழவரே.

1960களில் எங்கள் கிணற்றுக்கு மின்மோட்டார் வரவில்லை. விடியுமுன் கவலை பூட்டி நீர் இறைப்பார். மணிலா பறிக்கும் காலத்தில் பகலெல்லாம் ஓய்விராது. ஆயினும் கதிரவன் மறையுமுன் உண்டுவிட வேண்டும். அன்னையார் சோற்றுக்கூடையுடன் வரப்பில் விரைந்து வருவார். வேலை நீண்டு பொழுது சாய்ந்துவிட்டால் தந்தையார் உண்ணாமலே படுப்பார். அன்று அன்னையாரும் உண்ணார். அதுபற்றி இருவரும் ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஏர்முனையில் சிற்றுயிர்கள் மாளாவோ என்று சிறுவயதில் வினவினேன். “அறிந்து கொல்வதுதான் நமக்கு விலக்கு. ஆனால், வேண்டியதற்கு மேல் மண்ணைக் கிளறாதே” என்றார். இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் அருங்கலச்செப்பைப் பின்னாளில் பயின்றபோது, எனக்கு அவர் குரலே உரையாக அமைந்தது.

அவ்வுழைப்பால் மக்கள் நால்வரும் கற்றோம். வேலை தேடி வெளியூர் சென்றோம். நிலம் இப்போது குத்தகையில் உள்ளது. எங்களூரில் ஏர் பிடிக்கும் சமணக் குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கன.