புழுதி பெயரான கதை

1846-ஆம் ஆண்டு, பெஷாவர். பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்புக் கோட்டுக்கு உலகமெங்கும் மரியாதை இருந்த காலம். ஆனால் ஆப்கான் எல்லையின் மொட்டை மலைகளில் அந்தச் சிவப்பு வெகுதூரத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. பாறை இடுக்கில் துப்பாக்கியோடு காத்திருந்தவனுக்கு அதைவிட வசதியான குறி வேறில்லை. அந்த எல்லையில் வழிகாட்டவும் வேவு பார்க்கவும் ஒரு புதுப் படையைத் திரட்டும் பொறுப்பு ஹாரி லம்ஸ்டன் என்ற இளம் அதிகாரியிடம் வந்தது. ‘கைட்ஸ்’ என்று அந்தப் படைக்குப் பெயர். தன் ஆட்களுக்குக் கண்ணில் படாத உடை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படி ஓர் உடைக்கு எங்கே போவது?

லாகூர்க் கடைத்தெருவில் வெள்ளைத் துணியை மொத்தமாக வாங்கி, ஆற்றில் நனைத்து, கரைச் சேற்றைத் தேய்த்துக் காயப்போட்டார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எப்படிச் சாயமேற்றியிருந்தாலும், அதை உடுத்தியவர்கள் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தார்கள். ‘புழுதி நிறமான’ என்று பொருள்படும் ஒரு சொல் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே புழங்கியது. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். அதைக் கேட்ட ஆங்கிலேயரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இலக்கணத்தில் அது வெறும் பெயரடை. பின்னால் துணி, சட்டை என்று எதையாவது பற்றிக்கொண்டுதான் நிற்க முடியும். அந்தத் துணியே நிலைக்குமா என்பது மட்டும் தெரியவில்லை.

நிலைக்கவில்லை. 1857-இல் கிளர்ச்சி மூண்டபோது வெயிலில் வெள்ளை உடையோடு நின்ற பிரிட்டிஷ் படைகள் அவசர அவசரமாகச் சாயம் தேடின. தேயிலைத் தண்ணீர், எழுதும் மை, மசாலாப் பொடி, சேறு என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் முக்கினார்கள். ஒரு படை சாம்பல் நிறத்தில் நின்றது, இன்னொரு படை ஊதா சாயலில் நின்றது. இரண்டு சலவைக்குள் எல்லாம் வெளுத்தது. கிளர்ச்சி அடங்கியதும் பல படைகள் பழைய உடைக்கே திரும்பின. புழுதி நிறத்தின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதைக் காப்பாற்றிய வேலை ராணுவ முகாம் எதிலும் நடக்கவில்லை. அது சென்னை மாகாணத்தின் மேற்குக் கரையில், ஒரு தறிக்கூடத்தில் நடந்தது.

மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1834 முதல் இருந்தார்கள். மதம் மாறியதால் சாதியும் தொழிலும் போய் நின்றவர்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. அதற்காகத் தறி போட்டார்கள். ஓட்டுத் தொழிற்சாலை பின்னால் வந்தது. 1851-இல் வந்து சேர்ந்த நெசவாளி ஜான் ஹாலர் அங்கே ஒரு பழுப்புச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்தத் துணியை முதலில் உடுத்தியது அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள் என்றும், 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் தறிக்கூடத்துக்கே வந்து பார்த்து ராணுவத்துக்குப் பரிந்துரைத்தார் என்றும் மங்களூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். பிழைப்புக்காகத் தறியில் உட்கார்ந்தவர்களின் உழைப்பு இந்தக் கதையில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. ஆனால் ஒரு பேரரசின் படை முழுவதையும் உடுத்துவதற்குத் தறிக்கூடம் போதாது.

1884-இல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் அக்ரிங்டன் என்ற ஊரில் சாயப்பட்டறை நடத்திய ஃபிரெடரிக் கேட்டி, இரும்பு உப்பையும் குரோமிய உப்பையும் நூலிழைக்குள்ளேயே படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத நிறம் கிடைத்தது. 1885-இல் இந்தியப் படைகள் முழுக்க அதற்கு மாறின. 1897-க்குள் கடல் கடந்து போகும் பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் அதுதான் உடை. துணி நிலைத்துவிட்டது. இனிச் சொல்லின் முறை.

1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்தது. எங்கு பார்த்தாலும் ஒரே நிறத்தில் படை. கண்ணுக்கெதிரே எப்போதும் இருக்கும் துணியை ஒவ்வொரு முறையும் ‘துணி’ என்று யார் சொல்வார்கள்? பின்னால் ஒட்டி வந்த பெயர் உதிர்ந்தது, பெயரடை தனியே நின்றது. அதுதான் ‘காக்கி’. எதிரிகளான போயர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பிரிட்டிஷ் சிப்பாயையே ‘காக்கி’ என்றார்கள். குதிரைத் தீவனத்தோடு வந்து அந்த மண்ணில் பரவிய ஒரு களைச் செடிக்கும் ‘காக்கிப் புதர்’ என்று பெயர் விழுந்தது. 1900-இல் போர்ச் சூட்டோடு பிரிட்டனில் நடந்த பொதுத்தேர்தல் ‘காக்கித் தேர்தல்’ ஆயிற்று. நிறத்தைச் சொன்ன சொல், துணியாகி, ஆளாகி, களையுமாகி, தேர்தல் வரைக்கும் போய்விட்டது. ஆங்கில இலக்கணம் இதற்கு இடம் கொடுத்ததா?

தாராளமாகக் கொடுத்தது. ‘ஏழையான’ என்று பொருள்படும் ‘புவர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ போட்டு ‘தி புவர்’ என்றால், ஏழைகள் அத்தனை பேரும் வந்துவிடுகிறார்கள். ஆனால் அது பாதிப் பெயர்தான். பன்மைக்குரிய ‘ஸ்’ அதில் ஒட்டாது. ஃபைனல், மொபைல் போன்றவை அப்படியல்ல. மேட்ச்சையும் போனையும் உதறிவிட்டு முழுப் பெயராகி, ‘ஃபைனல்ஸ்’, ‘மொபைல்ஸ்’ என்று பன்மையும் ஏற்கின்றன. காக்கியும் அந்த வரிசையில் சேர்ந்தது. தமிழில் ‘நல்ல’ என்பது இப்படித் தனியே நிற்காது. ‘நல்லவர்’, ‘நல்லது’ என்று விகுதி வேண்டும். அந்தக் கட்டுக்காவலுக்குள் காக்கி எப்படி நுழைந்தது?

பெயராகவே நுழைந்தது. இங்கே வந்தபோது அதற்குப் புழுதியின் நினைவே இல்லை. தமிழ்நாட்டில் தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவரின் சட்டையும் காக்கி, காவல்துறையும் பேச்சில் காக்கி. கமல்ஹாசன் நடித்து 1985-இல் வந்த படத்தின் பெயர் ‘காக்கிச்சட்டை’ என்றதும், அது போலீஸ் கதை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘நல்ல’வுக்கு ஒட்டாத ‘கள்’ இதற்கு ஒட்டி, காவலர்கள் ‘காக்கிகள்’ ஆனார்கள். அமெரிக்காவிலோ இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் தங்கள் கால்சட்டையைக் கல்லூரிக்கும் போட்டுக்கொண்டு போக, ‘காக்கிஸ்’ என்றால் அந்தத் தையல் கொண்ட பேண்ட் என்றே ஆகிவிட்டது. அங்கே கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு காக்கி கேட்டால், அளவு என்ன என்றுதான் கடைக்காரர் கேட்பார்.