மாலிக்யூலர் பயாலஜி: ஸ்டாண்டர்டா, அட்வான்ஸ்டா? சிட்னியில் முதல் வருஷம் சேர்பவர்களுக்கு ஒரு கைடு

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. சொந்தக்காரர்களுக்கு ஸ்வீட் கொடுத்தாச்சு. சிட்னி பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டப்படிப்பு. இனி பாடங்களைத் தேர்வு செய்வதுதான் பாக்கி என்று லேப்டாப்பைத் திறந்தால், ஒரே உயிரியல் பாடம் மூன்று எண்களில் வந்து நிற்கிறது. அதில் ஒன்றின் பெயருக்குப் பின்னால் 'அட்வான்ஸ்டு' என்று இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா யோசிக்கவே மாட்டார். "அட்வான்ஸ்டே போடும்மா, அதுக்குத்தான் மதிப்பு" என்பார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு க்ளிக்குக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எண்ணைப் பார்த்தாலே தெரியும்

டி.என்.ஏ., ஜீன், புரதம் என்று மூலக்கூறில் தொடங்கி சுற்றுச்சூழல் வரை போகும் முதல் வருடப் பாடத்தின் எண் 1007. அதன் அட்வான்ஸ்டு வடிவம் 1907. மூன்றாவதான 1997, தனி புராஜெக்ட்டாக லேப் வேலை செய்யும் சிறப்புப் பிரிவு. எண்ணில் 9 வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

1007-ல் சேர பெரிய தடை இல்லை. 1907-க்கு எச்.எஸ்.சி. உயிரியலில் 85 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் அதற்கு இணையான மதிப்பெண் கேட்கிறார்கள். நம்ம ஊர் பிளஸ் டூவையும் எச்.எஸ்.சி. என்றுதான் சொல்வோம். ஆனால், இங்கே குறிப்பிடுவது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்வை. உங்கள் மதிப்பெண் அதற்கு இணையா என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எது ஒன்று, எது வேறு?

இரண்டுக்கும் முதுகெலும்பு ஒன்றுதான். டி.என்.ஏ. எப்படி நகலெடுக்கப்படுகிறது, ஜீன் எப்படிப் புரதமாகிறது என்பதை இரண்டிலும் படிப்பீர்கள். இரண்டுக்கும் 6 கிரெடிட் பாயின்ட்தான்.

வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. ஸ்டாண்டர்டில் முடிவைப் புரிந்துகொண்டு பயன்படுத்தக் கற்கிறீர்கள். அட்வான்ஸ்டில் "அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள்?" என்ற கேள்வி கூடவே வரும். அதற்கேற்ப விவாதமும் அசைன்மென்ட்டும் கனமாகும்.

ஐந்து நிமிட டெஸ்ட்

இது பல்கலைக்கழகம் வைக்கும் டெஸ்ட் இல்லை, நாங்கள் வைப்பது. 1958-ல் மெசல்சன், ஸ்டால் என்ற இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனையை எடுத்துக்கொள்வோம்.

டி.என்.ஏ. இரண்டு இழைகள் கொண்டது. அது இரட்டிக்கும்போது என்ன நடக்கலாம்? மூன்று ஊகங்கள் இருந்தன. ஒன்று, பழைய ஜோடி அப்படியே இருக்கும், புதிதாக ஒரு முழு ஜோடி உருவாகும். இரண்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை. மூன்று, பழசும் புதுசும் துண்டு துண்டாக எல்லா இழைகளிலும் கலந்திருக்கும்.

பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜனில் வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒருமுறை இரட்டித்ததும் டி.என்.ஏ.வைப் பிரித்துச் சுழற்றிப் பார்த்தால் ஒரே ஒரு பட்டை, நடு எடையில். இரண்டாவது முறை இரட்டித்த பிறகு பாதி நடு எடை, பாதி லேசானது.

முதல் முடிவில் எந்த ஊகம் அவுட்? இரண்டாவது முடிவில் எது அவுட்? கீழே படிக்காமல் யோசியுங்கள்.

விடை: முதல் ஊகம் சரி என்றால் கனம் ஒன்று, லேசு ஒன்று என இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அது அவுட். மூன்றாவது சரி என்றால் இரண்டாம் முறையும் ஒரே பட்டைதான் தெரிந்திருக்கும். இரண்டு தெரிந்ததால் அதுவும் அவுட். மிஞ்சியது இரண்டாவது ஊகம்.

இங்கே விடை சரியா தப்பா என்பது முக்கியமில்லை. கை தானாகப் பேப்பரையும் பேனாவையும் தேடியதா? உங்களுக்கு அட்வான்ஸ்டு பிடிக்கும். "விடையைச் சொல்லுங்க, புரிஞ்சுக்கிறேன்" என்று தோன்றியதா? தாராளமாக ஸ்டாண்டர்டில் தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மார்க் கணக்கு

சிட்னியில் 85 அல்லது அதற்கு மேல் ஹை டிஸ்டிங்ஷன், 75 முதல் 84 வரை டிஸ்டிங்ஷன், 65 முதல் 74 வரை கிரெடிட். இந்த அளவுகோல் இரண்டு பாடங்களுக்கும் ஒன்றுதான். சராசரி கணக்கிடும்போது அட்வான்ஸ்டு என்பதற்காகக் கூடுதல் எடை கிடையாது. மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் அந்த வார்த்தை இருக்கும், அவ்வளவுதான்.

அதனால், பட்டப்படிப்புக்குப் பிறகு மருத்துவம் படிக்கும் கனவில் இருப்பவர்கள், ஸ்காலர்ஷிப்புக்குச் சராசரியைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆராய்ச்சிதான் என் வழி என்பவர்களுக்கு, முதல் வருடத்திலேயே அப்படி யோசித்துப் பழகுவது லாபம். சில பட்டங்களில் அட்வான்ஸ்டு பாடங்கள் கட்டாயம் என்பதையும் கவனியுங்கள்.

நேரம் இருக்கா?

6 கிரெடிட் பாடத்துக்கு ஒரு செமஸ்டரில் 120 முதல் 150 மணி நேர உழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. வழக்கமாக ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடங்கள், 13 வாரங்கள். அதாவது வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை ஒட்டி வரும். ஸ்டூடன்ட் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அத்தனை மணி நேரமும் கடையில் நின்றுவிட்டு, வேதியியல், கணிதம், உயிரியல் மூன்றிலும் அட்வான்ஸ்டு எடுப்பது யாருக்கும் சுலபமில்லை. ஆசை இருந்தால் ஒன்றில் மட்டும் எடுங்கள், மிகவும் பிடித்த ஒன்றில்.

பிளஸ் டூவில் உயிரியல் இல்லாத குரூப்பா? நேராக 1007-க்குப் போங்கள். வகுப்புகள் தொடங்கும் முன் பிரிட்ஜிங் கோர்ஸ் ஏதும் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மாற நினைத்தால்...

தேதிதான் முக்கியம். பாடம் சேர்க்க செமஸ்டரின் ஆரம்ப வாரங்களில்தான் வாய்ப்பு. அதன் பிறகு 'சென்சஸ் தேதி' என்று ஒன்று வரும். அதற்கு முன் விலகினால் அந்தப் பாடத்துக்கான கட்டணப் பொறுப்பு இல்லை. தாண்டிவிட்டால் பணம் போனது போனதுதான். இரண்டு தேதிகளையும் இன்றே போனில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள். முதல் வாரம் அட்வான்ஸ்டு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மூச்சு முட்டினால் பாடம் சேர்க்கும் தேதி முடிவதற்குள் துறை அலுவலகத்தில் பேசி மாறிக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டர்டு எடுத்தால் கதவு மூடிவிடுமா? இல்லை. முதல் வருடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினால் இரண்டாம் வருடத்தில் அட்வான்ஸ்டு பக்கம் போக வழி உண்டு.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஹெச்.டி. முடித்த பிறகு, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தவர். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டாக்டர் பட்டத்துக்குப் பிறகும் அடிப்படையிலிருந்து தொடங்க அவர் கூச்சப்படவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, க்ளிக்கை நீங்களே செய்யுங்கள். 13 வாரம் அந்த லேபில் நிற்கப்போவது நீங்கள்தானே!