புளியமரத்தடிச் சீட்டும் கைபேசிச் சீட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

'ஆன்லைன் கேம்' என்ற ஒரே பெயரில் நம் ஊரில் இரண்டு வேறு சரக்குகள் ஓடுகின்றன. ஒன்று, பிள்ளைகள் நான்கு பேர் கூட்டணி சேர்ந்து ஆடும் சுடும் விளையாட்டு. மற்றது, பெரியவர்கள் காசு கட்டி ஆடும் ரம்மி. பெற்றோர் இரண்டையும் பார்த்து ஒரே மாதிரி பயப்படுகிறார்கள். இரண்டும் வந்த வழி வேறு, கெடுக்கும் விதமும் வேறு. வரலாறு நடத்தியவன் என்பதால் வந்த வழியையே சொல்கிறேன்.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை எழுதினார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்துதான். வடக்கே போகிறேன் என்று தட்டச்சு செய்தால் அங்கே என்ன இருக்கிறது என்று திரையில் எழுத்து வரும். ஆனால் அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு கணிப்பொறியில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரும் நடந்துகொண்டிருப்பார். அதுதான் புதுமை. அந்தக் காலத்தில் நாம் சென்னைக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தபால் நிலையத்தில் காத்திருந்தோம்.

நம் ஊருக்கு இந்தக் கூட்டு விளையாட்டு பிரவுசிங் சென்டர் வழியாக வந்தது. பேருந்து நிலையம் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று வரிசையாகக் கணிப்பொறிகள் இருக்கும். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடுவார்கள். டியூஷனுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் எங்கே போனீர்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இப்போது சிலர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறீர்கள்.

2016-க்குப் பிறகு டேட்டா மலிந்தது. 2018-ல் 'பப்ஜி' கைபேசிக்கு வந்தது. பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் யோசித்தது, தென்கொரிய நிறுவனம் உருவாக்கியது. நூறு பேர் ஒரு தீவில் குதிக்க வேண்டும், கடைசியில் நிற்பவன் வென்றவன். எல்லையில் சீனாவோடு மோதல் வந்தபோது, 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடைபட்டது.

அந்தத் தடைக்கும் பிள்ளைகளின் நலனுக்கும் தொடர்பில்லை, காரணம் நாட்டின் பாதுகாப்பு. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பள்ளிகள் மூடிக்கிடந்த 2020, 2021-ஐ மறக்க முடியாது. நம் மாவட்டம் பிறந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, 2019 நவம்பர் 26-ல்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தோம். கீழே கள்ளக்குறிச்சியில் பாடத்துக்கென்று வாங்கிய போனில் பாதி நேரம் துப்பாக்கிச் சத்தம். மேலே கல்வராயன் மலையிலோ பல ஊர்களில் போன் இருந்தும் சிக்னல் இல்லை. வெள்ளிமலைப் பக்கம் பாறை தேடி ஏறிப் பாடம் பார்த்த பிள்ளைகள் உண்டு. ஒரே மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இணையம் கூடிப்போன தொல்லை, இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்காத தொல்லை. இரண்டாவதைப் பற்றி நாளிதழில் அதிகம் வரவில்லை.

இனி ரம்மிக்கு வருகிறேன்.

சூது நமக்குப் புதிதில்லை. வள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கிறார். ஊர்ப் புளியமரத்தடியில் சீட்டு ஆடிய காலத்தில் தோற்றவன் பணம் பக்கத்து வீட்டுக்காரனிடம் போகும், அவன் தீபாவளிக்கு ஆட்டுக்கறியாவது கொடுப்பான். விடிய விடிய ஆடினால் மனைவி வந்து துண்டைப் பிடித்து இழுத்துப்போவாள். கைபேசிச் சீட்டில் எதிரே இருப்பவர் யார் என்றே தெரியாது. யார் வென்றாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துகிற நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தால் எல்லோர் பணமும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேதான் சேரும். என் பழைய மாணவர் ஒருவரின் மச்சான் கரும்பு வெட்டி வந்த பணம் முழுவதையும் இப்படி விட்டார். ஒரே இரவில் இல்லை, நாலு மாதம், தினமும் ஐந்நூறு, ஆயிரம் என்று. வீட்டில் ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை.

சட்டம் ஏன் இவ்வளவு தடுமாறியது என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு கேள்வியில் நிற்கிறது: இது திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா? செகந்திராபாத்தில் ஒரு கிளப் மீதான வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொல்லிவிட்டது. சீட்டு எது விழுந்தது என்று நினைவில் வைத்து ஆட வேண்டுமே! நம் மாநிலம் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதையும் திறமை என்றே 1996-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. லாட்டரியின் கதை வேறு. 1968-ல் அரசே தொடங்கி நடத்தியது, 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஒழிந்தது. அதில் திறமை என்று வாதாட ஒன்றுமில்லை.

2020 நவம்பரில், தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில், எடப்பாடி பழனிசாமி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதையொட்டி 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் செய்த திருத்தத்தை 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அளவுக்கு மீறிய தடை என்பது தீர்ப்பு. பிறகு ஸ்டாலின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அதே மாதம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எதற்காகச் சட்டம் போட்டார்களோ அது மட்டும் வெளியே!

நேராகத் தடுக்க முடியாததால் அரசு வேறு வழி பிடித்தது. 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன: காசு கட்டும் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பு, பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமே கிடையாது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம். முந்தைய ஆண்டு, கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தாமாகவே வழக்காக எடுத்த அமர்விலும் அவரே இருந்தார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் சட்டம் கொண்டுவந்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அது ஒதுக்கிவிட்டது. காசு கட்டி ஆடுவது எதுவானாலும் தடை. மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு ஊக்கம். தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் உண்டு, ஆடியவருக்கு இல்லை. அதனால் ஏமாந்தவர்கள் போலீசுக்குப் போகப் பயப்பட வேண்டாம்.

பிள்ளைகள் ஆடும் விளையாட்டில் பந்தயம் பணமில்லை, தூக்கம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் சேர்த்திருக்கிறது. சும்மா ஆசையாக ஆடுவது அதில் வராது. படிப்பு, சாப்பாடு, உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் ஓராண்டு போல நீடித்தால்தான் அந்தப் பெயர். பையன் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் காசு செலவழிக்கிறானா என்று உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். அவனோடு யார் பேசுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

சட்டம் வந்தபின்னும் வெளிநாட்டிலிருந்து நடத்தும் செயலிகளின் இணைப்பு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் எனக்கே ஒன்று வந்தது, முதல் ஆட்டத்துக்கு 500 ரூபாய் இலவசமாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இணையக் குற்றத்துக்கான உதவி எண் அது. பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் அதுவே, மறக்காது.