பாட்டின் அடியில் மூன்று பெயர்கள்

பரிபாடலில் பெரும்பாலான பாட்டுகளின் முடிவில் சிறு குறிப்பு ஒன்று நிற்கிறது. மூன்றாம் பாடலை எடுத்துக்கொண்டால், பாடியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ். எழுபது பாடல்கள் இருந்ததாகச் சொல்லப்படும் இந்நூலில் நமக்குக் கிடைத்தவை 22; உ.வே.சாமிநாதையர் அவற்றை 1918இல் பதிப்பித்தார். திருமால், செவ்வேள், வையை என்று பாடுபொருள் மாறி மாறி வருவதால் அடுக்கு குலைந்த நூல்போலத் தோன்றும். குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால் அடுக்கு விளங்கிவிடும்: 2 முதல் 12 வரை பாலையாழ், 13 முதல் 17 வரை நோதிறம், 18 முதல் 21 வரை காந்தாரம். தெய்வத்தை வைத்தோ புலவரை வைத்தோ அடுக்கியிருக்கலாம். தொகுத்தவர் பண்ணை வைத்து அடுக்கினார். இவை படிப்பதற்கான செய்யுள்கள் மட்டுமல்ல, பாடுவதற்கான பாட்டுகள் என்ற முடிவு அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. எம்பி3 கோப்புகளுக்கு டேக் எழுதி, வகை பிரித்து அடுக்கும் இன்றைய வேலைக்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவான பழைய முன்மாதிரி தமிழில் இல்லை. பாட்டோடு எந்தப் பெயரை எழுதிவைக்கிறோம் என்பது எதை நினைவில் வைக்கத் துணிகிறோம் என்பதுதான். அந்தக் கணக்கில் நம் கணினிகள் பரிபாடல் ஏட்டைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருக்கின்றன என்பது என் கட்சி.

தேவாரம் இன்னொரு சான்று. சம்பந்தரின் முதல் மூன்று திருமுறைகள் பண்வாரியாக அமைந்தவை. அப்பரின் ஐந்தாம் திருமுறை குறுந்தொகை, ஆறாம் திருமுறை தாண்டகம். அங்கே யாப்பே வகையாகிறது. அதே பதிகங்களைத் தலவாரியாக அடுக்கிய பதிப்புகளும் உண்டு. ஓதுவாருக்குப் பண்முறை, தலயாத்திரை போகிறவருக்குத் தலமுறை. ஒரே தொகுப்பை இரண்டு வாசல் வழியாகத் திறக்கலாம் என்பது கணினிக்கு முன்பே நமக்குத் தெரிந்திருந்தது.

இசைத்தட்டு வந்தபோது குறிப்பு எழுதும் கை மாறியது. 1902இல் கல்கத்தாவில் பாடிய கவுஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே சொன்னார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாயின. அங்கிருந்தவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டுமே! திரைப்படம் வந்தபின் நிலைமை மோசமானது. 1949இல் வெளியான ‘மகால்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். தட்டில் அச்சானதோ ‘காமினி’ என்ற பாத்திரத்தின் பெயர். குறிப்புக்கு இடம் இருந்தும் பாடிய குரல் விடுபட்டது.

1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட் இடத்தை ஒதுக்கி, ஐடி3 என்ற டேக் முறையை உண்டாக்கினார். அடையாளச் சொல்லுக்கு 3 பைட்; பாட்டின் பெயர், கலைஞர், ஆல்பம், கருத்து ஒவ்வொன்றுக்கும் 30; ஆண்டுக்கு 4; இசை வகைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை பைட், 80 வகைகள் கொண்ட பட்டியலில் ஓர் எண்ணைச் சுட்டும். கிரஞ்ச், டெத் மெட்டல், போல்கா, கிறிஸ்தவ ராப் எல்லாம் அதில் இருந்தன. கர்நாடக இசை இல்லை, இந்துஸ்தானி இல்லை. நம் திரைப்பாட்டு ‘சவுண்ட்டிராக்’ ஆனது. மற்றவை ‘எத்னிக்’ என்றோ ‘அதர்’ என்றோ ஒதுங்கின. வகையைவிடப் பெரிய இழப்பு கலைஞர் என்ற ஒற்றைக் கட்டத்தில் நேர்ந்தது. ராக் குழுவுக்கு அது போதும். எழுதுவதும் இசையமைப்பதும் பாடுவதும் பெரும்பாலும் அதே நால்வர். தமிழ்த் திரைப்பாட்டில் இவை மூவரின் தொழில்கள். ஒருவர் அந்தக் கட்டத்தில் இளையராஜா என்று எழுதுவார், இன்னொருவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் என்று எழுதுவார்; ஒரே படத்தின் பாட்டுகள் பிளேயரில் சிதறிப்போகும். எவர் எழுதினாலும் விடுபடுகிறவர் பாடலாசிரியர். கச்சேரிப் பதிவில் பாடகர் பெயரை எழுதினால் தியாகராஜருக்கு இடமில்லை. ராகத்துக்கும் தாளத்துக்கும் கட்டமே கிடையாது.

128 பைட்டுக்குள் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான், அதை வடிவமைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர் தம் காதில் விழுந்த இசைக்குக் கட்டம் போட்டார். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனி இடம் உண்டு, தமிழ் எழுத்திலும் எழுதலாம், பிறகென்ன குறை என்பது அடுத்த கேள்வி. இடம் உண்டு, அதை நிரப்பும் பழக்கம் வரவில்லை. பல பிளேயர்கள் முதலில் காட்டுவது பழைய கட்டங்களைத்தான், கண்ணில் படாததை யாரும் எழுதுவதில்லை. தேடினால் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அடுக்குவது வீண் என்போரும் உண்டு. இவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. எழுதிவைத்ததைத்தான் தேடல் கண்டெடுக்கும். கண்ணதாசன் பெயர் எழுதப்படாத கோப்பைக் கண்ணதாசன் என்று தேடி எப்படிக் கண்டுபிடிப்பது?

பரிபாடல் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தவை என்று அறிஞர்கள் சொல்வது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. படைத்தவர் செய்யாத வேலையைச் சேர்த்துவைத்தவர் செய்தார். பெட்டனாகனார் வகுத்த மெட்டு அழிந்துவிட்டது; அவர் இருந்தார் என்பது அந்த ஒற்றை வரியால் தெரிகிறது. உங்கள் ஃபோல்டரில் இருக்கும் பாட்டுக்கும் அந்த வரியை எழுதுங்கள்: எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், தெரிந்தால் ராகம். பரிபாடலின் முதல் பாட்டுக்கு அப்படியொரு குறிப்பு கிடைக்கவில்லை. அதைப் பாடிய புலவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது என்று இன்று யாருக்கும் தெரியாது.