சிறுவாடு: ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் உரிமையும்

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையிலும், அதைச் சூழ்ந்து பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பி வாழும் கரிசல் ஊர்களிலும், குடும்பத்துப் பெண் வீட்டுச் செலவுக்காகக் கைக்கு வரும் பணத்திலிருந்தும் தன் கூலியிலிருந்தும் சிறிது சிறிதாக ஒதுக்கி, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் தொகைக்குச் சிறுவாடு என்று பெயர். தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கும் இச்சொல், பேச்சில் பெரும்பாலும் ‘சிறுவாட்டுக் காசு’, ‘சிறுவாட்டுப் பணம்’ என்ற தொடர்களாகவே வருகிறது. அதைச் செய்யும் செயலைச் ‘சிறுவாடு சேர்த்தல்’ என்கிறார்கள். சேமிப்பு, சிக்கனம், மிச்சம் எனத் தமிழில் இதற்கு அண்மையான சொற்கள் பல இருந்தும், பணத்தின் அளவையும் அதன் உடைமையாளரையும் அதைச் சுற்றியுள்ள மறைவையும் ஒருசேரச் சுட்டும் சொல் இது ஒன்றே.

சொல்லின் முற்பகுதியாகிய ‘சிறு’ வெளிப்படையானது. பிற்பகுதியாகிய ‘வாடு’ என்பதை வாடுதல் என்னும் வினையோடு சேர்த்து, வயிறு வாடிச் சேர்த்த பணம் என்று விளக்குவது கேட்பதற்கு உருக்கமாக இருந்தாலும் சொல்லமைப்புக்குப் பொருந்தாது. சிறுபாடு என்பதே சிறுவாடு ஆயிற்று என்று கொள்வதே முறை. இரு உயிர்களுக்கு இடையில் நிற்கும் பகரம் வகரமாக நெகிழ்வது தமிழில் பழைய வழக்கு. தொல்காப்பியத்தில் ‘அளபு’ என்று நிற்கும் சொல் பின்னாளில் ‘அளவு’ ஆனதையும், ‘உருபு’ இலக்கணக் கலைச்சொல்லாக நிலைத்துவிட ‘உருவு’ பொதுவழக்கில் நடந்ததையும், இன்றைய பேச்சில் ரூபாய் ‘ரூவாய்’ என ஒலிப்பதையும் இதற்குச் சான்றாகக் காட்டலாம். வேற்றுமை ஏற்கும்போது ‘சிறுவாட்டு’ என டகரம் இரட்டிப்பது, பாடு என்னும் சொல் ‘பாட்டாளி’ என்பதில் இரட்டிப்பதை ஒத்திருப்பதும் இதோடு இசைகிறது.

பாடு என்பது படு என்னும் வினையடி முதலெழுத்து நீண்டு பெயரானது; கெடு கேடாகவும் சுடு சூடாகவும் ஆவதைப் போன்ற இவ்வகைச் சொற்களை இலக்கண நூலார் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். உழைப்பு, அவ்வுழைப்பின் வருத்தம், உழைப்பினால் ஒருவர் பங்குக்கு விழுவது என்று மூன்று திசைகளில் இச்சொல் பொருள் விரித்துள்ளது. ‘பாடுபட்டுச் சேர்த்தது’ என்னும்போது முதலிரண்டும் தெரிகின்றன. மூன்றாவது பொருளைக் காண வேண்டுமானால் கடற்கரைக்குப் போக வேண்டும். வலையில் விழுந்த மீன்வரவை மீனவர் பாடு என்பதும், பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் எவர் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழிவழி ஏற்பாடு ‘பாடு’ என்றே பெயர் பெற்றிருப்பதும் இப்பொருளைக் காட்டுகின்றன. ஆகவே சிறுபாடு என்பது ஒருவர் தம் உழைப்பால் தம் பங்குக்கெனப் பெற்ற சிறுவரவு என விரியும். சொல்லின் உள்ளேயே உழைப்பும் பங்குரிமையும் இருக்கின்றன என்பது இங்கே கருதத்தக்கது. சேமம் என்னும் வடசொல்வழிப் பெயரிலிருந்து பிறந்து, காத்து வைத்தல் என்ற அளவில் நிற்கும் ‘சேமிப்பு’ என்ற சொல்லுக்கு இந்த ஆழம் இல்லை.

பணம் அரிதாகவும் தானியம் மிகுதியாகவும் புழங்கிய காலத்தில் சிறுவாட்டின் முதல் வடிவம் நாணயமாக இருந்திருக்க முடியாது. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் வழக்கமே அதன் எளிய உருவம். இதற்குப் பிடியரிசி என்று பெயர். அளவில் ஒரு பிடி குறைந்ததை உண்பவர் எவரும் உணர்வதில்லை. மாதக் கடைசியில் கலயத்தைக் கவிழ்த்தால் சில நாள் உலைக்கு ஆகும். கோழிமுட்டை விற்ற காசு, எருமைப்பாலில் வீட்டுக்குப் போக மிஞ்சியதை ஊற்றிய காசு, அறுவடை முடிந்த புன்செய்யில் பொறுக்கிய கதிர், வாரத்துக்கு விட்ட ஆடு ஈன்ற குட்டியில் வரும் பங்கு ஆகியவை இதே வரிசையில் அடுத்தடுத்து வருவன. வாரம் என்பது, ஆட்டை ஒருவர் வாங்கிக் கொடுக்க மற்றொருவர் வளர்த்துக் குட்டிகளை இருவரும் பகிர்ந்துகொள்ளும் முறை. கையில் சிறிது காசு சேர்ந்த பெண், ஆடு மேய்க்க ஆளிருக்கும் உறவுக்காரியிடம் அதை வாரத்துக்கு விட்டுவிட்டால், அவளுடைய சிறுவாடு வீட்டார் கண்ணுக்குப் படாமல் வேறொருத்தி தொழுவத்தில் வளரும்.

பிடியரிசி வீட்டுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்கு விருதுநகரே சான்று. அவ்வூர் நாடார் சமூகத்தார், வணிகத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறு பங்கை ஊர்ப்பொதுவுக்கென ஒதுக்கும் மகமை என்னும் ஏற்பாட்டைக் கொண்டு 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். காமராசர் பயின்ற பள்ளி அது. கடைவீதியிலிருந்து மகமைப் பணம் வந்ததைப் போல, வீடுகளிலிருந்து பெண்கள் நாள்தோறும் ஒதுக்கிய பிடியரிசியும் அப்பள்ளிக்குச் சென்றது. பிற்காலத்தில் மாநிலம் முழுவதும் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பிய முதலமைச்சர், பெண்கள் உலையிலிருந்து ஒதுக்கிய அரிசியால் நடந்த பள்ளியின் மாணவர் என்பதை வரலாற்று நூல்கள் போகிறபோக்கில் சொல்லிச் செல்கின்றன. மகமைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது பிடியரிசிக்குக் கொடுத்திருக்கலாம். மகமையில் கொடுத்தவர் பெயரும் தொகையும் கணக்கில் ஏறின. பிடியரிசி பெயரில்லாமல் கலந்தது.

இந்தப் பெயரின்மைக்குச் சட்ட வரலாற்றில் ஆழமான காரணம் உண்டு. திருமணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்தகம் கொடுப்பது வடமொழியில் ஸ்திரீதனம். அதன் தமிழ் வடிவமே சீதனம். பழைய அறநூல்கள் அதைப் பெண்ணின் தனிச்சொத்தாக ஏற்றன. ஆனால் அந்நூல்களில் ஒன்றை இயற்றிய காத்தியாயனர், பெண் கைத்தொழிலால் ஈட்டியதும் உறவல்லாத பிறர் அன்பினால் அளித்ததும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை என்று வரையறுத்தார். அதாவது பிறந்தகம் தந்தது அவளுக்கு, உழைத்தது அவனுக்கு. டச்சுக்காரர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம் இதனினும் சற்றுத் தாராளமானது. அது சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பிரித்து, முன்னோர்வழி வந்த முதுசத்திலிருந்தும் பெண்வழி வந்த சீதனத்திலிருந்தும் விலக்கி, மணவாழ்க்கையில் இருவரும் சேர்த்த தேட்டத்தைப் பொதுவில் வைத்தது. தேட்டம் என்பது தேடுதலிலிருந்து வந்த சொல். தேடிச் சேர்த்தது என்பது அதன் பொருள். இவ்விரு சட்டமுறைகளிலும் சிறுவாட்டுக்கு இடமில்லை. சட்டம் தராத உடைமையை மொழி தந்தது என்றே சொல்ல வேண்டும். ‘அவ சிறுவாடு’ என்று வீட்டார் சொல்லும்போது அப்பணம் அவளுக்கு உரியது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. அதனால்தான் கணவனுக்குத் தெரியாமல் சேர்க்கும் இப்பணத்தை எவரும் களவு என்பதில்லை. சிறுவாடு இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு, எங்கே என்பவை மட்டுமே மறைவு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தன் 14ஆவது பிரிவில், பெண் தன் திறமையாலும் முயற்சியாலும் ஈட்டியது உட்பட அவள் கையிலுள்ள உடைமை அனைத்துக்கும் அவளே முழு உரிமையாளர் என்று வகுத்தபோதுதான், இச்சொல் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததைச் சட்டமும் சொல்லியது.

ஜப்பானிய மொழியில் மனைவி மறைத்துச் சேர்க்கும் பணத்துக்கு ஹெசொகுரி என்று பெயர். ‘ஹெசொ’ என்பது சணல் நூலைச் சுற்றிய உருண்டை. ‘குரி’ என்பது அந்நூலைச் சுற்றியெடுத்தல். வீட்டிலிருந்தபடி நூல் சுற்றிக் கொடுத்து ஈட்டிய சிறுகாசு என்பதே அச்சொல்லின் வேர். தமிழ்ச் சொல்லில் ‘பாடு’ இருப்பதும் ஜப்பானியச் சொல்லில் நூல் சுற்றும் வேலை இருப்பதும், மறைத்துச் சேர்த்த பணத்தின் தோற்றுவாய் பெண்ணின் கைவேலை என்பதை இரு மக்களும் தனித்தனியே அறிந்து பெயரிட்டிருப்பதைக் காட்டுகின்றன.

அந்தக் கைவேலையை இன்று காண்பதற்கு வெம்பக்கோட்டை வட்டாரத்தைப் போன்ற இடம் அரிது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதை நிறுவியபின், மழையை மட்டுமே நம்பியிருந்த கரிசல் ஊர்களின் பெண்களுக்கு வீட்டுத் திண்ணையிலேயே செய்யத்தக்க கூலிவேலை கிடைத்தது. தாளை மடித்துப் பெட்டி ஒட்டுவதும், தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும், பின்னாளில் பட்டாசுக்குக் குழாய் உருட்டுவதும், திரி வெட்டுவதும், சரம் பின்னுவதும் எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள். பெட்டிகளைக் குரோஸ் என்னும் 144 கொண்ட அளவில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கைக் கூலி சிறுவாட்டுக்கு இயல்பாகவே இடம் கொடுப்பது. மாதச் சம்பளத்தின் அளவு வீட்டாருக்கு முன்பே தெரியும், ஆனால் சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே இந்த வாரம் ஒரு குரோஸ் கூடுதலாக ஒட்டியதை ஒட்டியவள் மட்டுமே அறிவாள். அந்த ஒரு குரோஸின் காசு வீட்டுச் செலவில் கலக்காமல் கடுகு டப்பாவுக்கோ, அரிசிப் பானையின் அடியில் கிடக்கும் துணி முடிச்சுக்கோ, கட்டாமல் மடித்து வைத்த பட்டுச்சேலையின் அடுக்குக்கோ போய்விடுகிறது. முன்பு முந்தானை முடிச்சும் இடுப்புச் சுருக்குப்பையும் போதுமாயிருந்தன. தாள் நோட்டு பெருகியபின் இடமும் மாறியது.

பட்டாசுத் தொழிலின் ஆண்டோட்டம் இப்பழக்கத்தை இன்னும் இறுக்கியது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஓயாத வேலை. பண்டிகை முடிந்தால் ஆலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். மழைநாளில் மருந்து உலராது, வேலையும் நடவாது. எங்கேனும் வெடிவிபத்து நேர்ந்தால் ஆய்வு முடியும்வரை சுற்றியுள்ள ஆலைகளிலும் கதவு திறக்காது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடமளித்தபோது, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. இத்தகைய வேலையற்ற காலங்களில் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தவணை வட்டியும் எங்கிருந்து கட்டப்பட்டன என்பதை எந்த அரசுக் கணக்கும் பதிவதில்லை. கந்துவட்டிக்காரனிடம் போவதைச் சில வாரமேனும் தள்ளிப்போட வைத்தது சிறுவாடுதான் என்பதை அவ்வூர்களின் பொருளாதாரத்தை எழுத முற்படுவோர் கணக்கில் கொள்ள வேண்டும். கூலி விவரம் மட்டும் திரட்டிச் செல்லும் ஆய்வு பாதி ஆய்வே.

வீட்டுக்கு வெளியே அரசும் சேமிப்பை ஊக்குவித்தது. 1924இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் உலக மாநாட்டையொட்டிப் பிறந்த சிக்கன நாள் தமிழகத்தில் அக்டோபர் 30இல் கொண்டாடப்படுகிறது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இலேயே இந்தியாவெங்கும் தொடங்கிவிட்டது. இம்முயற்சிகளுக்கெல்லாம் அரசு அலுவலகத் தமிழ் இட்ட பெயர் சிறுசேமிப்பு. ‘சிறு’ என்ற முன்னொட்டு அப்படியே இருக்க, பாடு போய்ச் சேமிப்பு வந்தமர்ந்ததில் உழைத்தவளின் பங்கு என்னும் கருத்து நழுவியது. சிறுசேமிப்பு எவருடையதாகவும் இருக்கலாம், சிறுவாடு பெண்ணுடையது மட்டுமே. அகராதிகளில் சிறுவாட்டுக்குச் சிறுதொகை, சிறுதேட்டு என்ற அளவில் பொருள் எழுதி நிறுத்துவதால், இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் வலுப்பட்டது. மறைவும் பெண்ணுரிமையும் சேராத விளக்கம் இச்சொல்லின் விளக்கமாகாது.

சிறுவாடு வீட்டை விட்டு வெளியேறிய இன்னொரு வழி சீட்டு. தெருப்பெண்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை கட்டி முறைவைத்து எடுக்கும் குலுக்கல் சீட்டும், தள்ளுபடி கேட்டு எடுக்கும் ஏலச்சீட்டும், தீபாவளிக்குப் பலகாரமும் துணியும் தரும் பண்டிகைச் சீட்டும் நம்பிக்கையின் பேரில் நடப்பவை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் பதிவு செய்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்தியதேயன்றி, இந்தத் தெருச்சீட்டுகளை எட்டவில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பின் மகளிர் திட்டமாக விரிந்த சுயஉதவிக் குழுக்கள் அந்த நம்பிக்கையை வங்கியோடு இணைத்தன. 2023 செப்டம்பர் 15 அன்று தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய அரசுத் திட்டம் உரிமைத்தொகை என்ற பெயரைத் தேர்ந்துகொண்டது. பாடு என்ற சொல்லில் பழைய நாளிலேயே இருந்த கருத்துக்கு மிக அருகில் வந்த பெயர் அது. ஆயினும் வங்கிக் கணக்கில் தொகை பாஸ்புக்கிலும் கைபேசிக் குறுஞ்செய்தியிலும் தெரிந்துவிடுகிறது. ஆகவே அது ரொக்கமாக எடுக்கப்பட்டு டப்பாவுக்குள் போன பின்னரே சிறுவாடாகிறது.

அந்த மறைவு ஒரே இரவில் கலைந்தது 2016 நவம்பர் 8 அன்று. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு, நாடெங்கும் பெண்களை ஆண்டுக்கணக்காக மறைத்ததை வெளியே எடுத்துக் கணவன் கையிலோ வங்கி முகப்பிலோ வைக்கச் செய்தது. அவ்வாறு இரண்டரை லட்சம் ரூபாய் வரம்புக்குள் செலுத்திய இல்லத்தரசி ஒருவரின் பணத்தை வருமான வரித்துறை கணக்கில் வராத வருமானம் என்று கொண்டபோது, வழக்கு ஆக்ராவில் அமைந்த வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. காய்கறிக்காரரிடமும் தையற்காரரிடமும் மளிகைக்கடையிலும் பேரம் பேசி மிஞ்சிய காசையும், பண்டிகைகளில் உறவினர் கொடுத்ததையும், துவைக்கப்போட்ட கால்சட்டைப் பையில் கிடந்த சில்லறையையும் பெண்கள் பல்லாண்டு சேர்த்துவருவது நாடறிந்த நடைமுறை என்று 2021இல் அத்தீர்ப்பாயம் எடுத்துரைத்து, அத்தொகையை வருமானமாகக் கருதலாகாது எனத் தீர்ப்பளித்ததுடன், அந்த வரம்புக்குட்பட்ட பிற இல்லத்தரசிகளின் வழக்குகளுக்கும் அதுவே முன்மாதிரி என்றும் அறிவித்தது.