சிறையிலிருந்து சென்ற கடிதம்

நம் சேலம், நாமக்கல் நாட்டில் ஏரும் தறியுமே பிழைப்பாயிருந்த காலம் கழிந்து நெடுநாளாயிற்று. மேட்டூர் ஆலைகளிலும், சேலம் உருக்காலையிலும், ரெயில்வேயிலும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் உழைத்து வருகின்றனர். அவர்கள் சந்தா செலுத்தும் தொழிற்சங்கத்தின் நிர்வாகி எத்தகைய பொறுப்பைச் சுமப்பவர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, பொன்மலைத் தொழிலாளர்களின் தலைவராய் விளங்கிய கம்யூனிஸ்டு, கே. ஆனந்த நம்பியாரின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

திருச்சிக்கு அருகேயுள்ள பொன்மலை, தென்னிந்திய ரெயில்வேயின் பெரும் பட்டறை அமைந்த இடம். நாகப்பட்டினத்திலிருந்த பட்டறை 1920களின் பிற்பகுதியில் இங்கு மாற்றப்பட்டது. நீராவி எஞ்சின்களைக் கழற்றிப் பழுது நீக்கி மீண்டும் பூட்டுவது அந்நாளில் இதன் பெருவேலையாயிருந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் இந்த ரெயில்வேயில் எழுந்த வேலைநிறுத்தத்திற்காகச் சிங்காரவேலர் சிறை புகுந்தார். அத்தகைய மரபில் வந்ததே நம்பியாரின் சங்கம்.

அந்நாளில் சென்னை மாகாணச் சட்டசபையில் தொழிலாளர்க்கெனத் தனித்தொகுதிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றான ரெயில்வே தொழிற்சங்கத் தொகுதி 1946இல் நம்பியாரைத் தேர்ந்தனுப்பியது. ஊரையோ குலத்தையோ கொண்டு வகுத்ததன்று அத்தொகுதி. செய்யும் தொழிலைக் கொண்டு வகுத்தது. அவ்வாண்டிலேயே வேலைநிறுத்தம் மூண்டது. செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையில் மலபார் விசேஷப் போலீசார் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

சுதந்திரம் வந்த பின்னரும் கம்யூனிஸ்டுகள் பலர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். சிறைக் கதவுக்குப் பின்னால் நிகழ்வது வெளியே தெரியாவிடில் என்னாகும் என்பதற்கு நம் சேலம் சிறையே சாட்சி. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் அங்கு நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர்.

அக்காலத்தில் நம்பியாரும் காவலில் வைக்கப்பட்டிருந்தார். சட்டசபை அங்கத்தினராகிய தாம் அதில் கலந்துகொள்ள உரிமையுண்டென அவர் ஹைகோர்ட்டை நாடினார். அவ்வுரிமை கிடைக்கவில்லை. ஆயினும், காவலிலுள்ள அங்கத்தினர் சபாநாயகருக்கு எழுதும் கடிதத்தைச் சிறையதிகாரிகள் தடுத்து வைத்தல் ஆகாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிறிய வெற்றிபோல் தோன்றினும் இதன் பயன் பெரிது. உடல் அடைபட்டிருப்பினும், தம்மை அனுப்பிய மக்களின் குறையைச் சபைக்கு எட்டச்செய்யும் வழி அடைபடலாகாது என்பதே அதன் கருத்து.

1952இல் மாயூரத்திலிருந்தும், 1962இல் திருச்சியிலிருந்தும் அவர் பார்லிமெண்டுக்குச் சென்றார். 1964 டிசம்பர் இறுதியில் தேசப் பாதுகாப்பு விதிகளின்கீழ் மறுபடியும் காவல். இம்முறை அவரும், புதுக்கோட்டை அங்கத்தினரும் தொழிற்சங்கத் தலைவருமான ஆர். உமாநாத்தும் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றனர். சட்டப்படி காவலில் வைக்கப்பட்ட அங்கத்தினர், ஏனைய குடிமக்களுக்கில்லாத விடுதலையைக் கோரவியலாது என்று தீர்ப்பாயிற்று. கோர்ட்டில் தோற்றவரைத் திருச்சி வாக்காளர் 1967இல் மீண்டும் தேர்ந்தனுப்பினர்.

அவருடைய கட்சிக் கொள்கை நம்மில் பலர்க்கு உடன்பாடன்று, அது குற்றமுமன்று. ஆயினும் ஒரு சங்கத்தின் பெயரால் பேசவந்தவன் எவ்விடத்திருந்தும் பேசவேண்டியவனே என்பதில் நமக்கு ஐயமில்லை. பதவியை மரியாதையாக மட்டும் கருதுவோர் எச்சங்கத்திலும் உண்டு. அத்தகையோரைத் தேர்ந்தெடுக்குமுன், சிறையிலிருந்தும் கடிதம் எழுதியவரை நம் இளைஞர் எண்ணிப்பார்ப்பாராக.