வாரிங்டனின் நத்தைகள்

மீன்தொட்டி வாங்கப் போனால் தொட்டியைவிட அதோடு வரும் மின்சாமான்களுக்குத்தான் அதிகம் செலவாகும். காற்று மோட்டார், ஃபில்டர், விளக்கு. உள்ளே செடி வளர்க்க ஆசைப்பட்டால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேறு. இதெல்லாம் இல்லாவிட்டால் மீன் செத்துப்போகும் என்று கடைக்காரர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். ஆனால் மீன்தொட்டி பிறந்த காலத்தில் வீடுகளில் மின்சாரமே கிடையாது.

பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தபோதுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டி வந்தது. அறைக்கு மூன்று பேர், ஒரே ஒரு பிளக் பாயின்ட். வார்டன் ரவுண்ட்ஸ் வந்தால் கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பறிபோகும். 24 மணி நேரமும் ஓடும் மோட்டாரைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. ஜன்னலோரம் 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி, அடியில் தோட்டத்து மண், அதன்மேல் மணல், நிறைய செடி, நான்கு கப்பி மீன்கள். அவ்வளவுதான் சாத்தியம். "தண்ணி தேங்குனா டெங்கு வரும்ப்பா" என்று வார்டன் தடுத்தபோது, கப்பி கொசுப்புழுவைத் தின்கிற மீன் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். 1849இல் லண்டனில் ஒரு வேதியியலாளர் செய்து பார்த்ததும் ஏறக்குறைய இதேதான்.

அவர் பெயர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் அப்போதிகரீஸ் ஹாலில், அதாவது மருந்தாளர் சங்கத்தின் தலைமையகத்தில், வேதியியலாளராக இருந்தவர். செடிக்கும் பிராணிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அதற்குள் தெரிந்த விஷயமாகிவிட்டிருந்தது. மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தால் சில நாட்களில் அந்தக் காற்றில் மறுபடி மெழுகுவர்த்தி எரியும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1771இலேயே கண்டிருந்தார். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதை 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். நம் பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்கடியில் வைத்துக் குமிழி எண்ணினோமே, அந்தச் சோதனையின் பூர்வீகம் இதுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் தண்ணீருக்குள் மாதக்கணக்கில் நீடிக்குமா என்பது வாரிங்டனின் கேள்வி. 12 கேலன் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தில் தண்ணீர், அடியில் மணலும் சேறும், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி, இரண்டு சிறிய தங்கமீன்கள். கணக்குப்படி எல்லாம் சரி. மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. ஆனால் கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. இரண்டு பேரை வைத்துப் போட்ட கணக்கு உதைத்தது.

குளங்களில் இந்த அழுகலை யார் தின்கிறார்கள் என்று யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகின இலையையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. இதை 1850இல் கெமிக்கல் சொசைட்டிக்குக் கட்டுரையாகத் தந்தார். தாவர உலகுக்கும் விலங்குலகுக்கும் இடையிலான உறவுகளின் 'அட்ஜஸ்ட்மென்ட்' பற்றி என்று அதன் நீளமான தலைப்பு தொடங்குகிறது.

அட்ஜஸ்ட்மென்ட் என்ற சொல்லை விடுதியில் இருந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மச்சி" என்று யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதை வைத்தே அந்த அறையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு பேர் சுமுகமாக இருக்க, மூன்றாவதாக ஒருவன் அனுசரித்துக்கொண்டிருப்பான். வாரிங்டனின் கலத்தில் அது நத்தை.

இந்த மூன்றாவது ஆள் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1846இல் லண்டனின் அன்னா தின் என்ற சீமாட்டி டார்க்கே கடற்கரையிலிருந்து பவள உயிர்களைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். கடல்நீரில் காற்றுக் கலக்க, திறந்த ஜன்னலருகே அதைப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டீக்கடையில் ஆற்றுவது மாதிரி, ஆனால் ஒவ்வொரு தடவையும் அரைமணி, முக்கால் மணி நேரம். ஆற்றியது வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது என்று சீமாட்டி எழுதுகிறார். சிறுமி என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உலகின் முதல் காற்று மோட்டார்களில் ஒன்றுக்குப் பெயர் இல்லை.

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீங்கியிருந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஆசை பித்தாகி, கடலோரப் பாறைக்குட்டைகளை மக்கள் சுரண்டி எடுத்தார்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் அந்த அழிவை எண்ணி வருந்துகிறார். செடியும் மீனும் இருந்தால் தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை மட்டும் பல்லாண்டுகள் நிலைத்துவிட்டது. நியூயார்க் அக்வேரியத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கட்டுக்கதை என்றே எழுதினார். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கிறது. நீர்ப்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து கரைவதும் மீனைக் காக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மே மாத விடுதி அறையில் நான்கு கப்பியோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

வாரிங்டனின் கணக்கில் இன்னொரு ஆளும் விடுபட்டிருந்தது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவையும் வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். அது எங்கே போகிறது? விடையின் பெரும்பகுதி அவர் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. தொட்டி வைத்த சமயம் அவருடைய மூத்த மகனுக்குப் பத்து வயது இருக்கும். பெயர் அவனுக்கும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பாவின் ஆய்வகத்தில் வேதியியல் கற்றவன், பிற்பாடு ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தான்.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் சாக்கடை நீரை மணல் வழியே மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். சில வாரங்களில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. அப்படியானால் இதைச் செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று. மகன் வாரிங்டன் அதை மண்ணில் உறுதிசெய்தார். பல வருட உழைப்பில், இது இரண்டு படிகளில் நடக்கிறது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனி உயிர் என்றும் காட்டினார். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, அடுத்தது நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. மற்ற பாக்டீரியாக்கள் விரும்பும் ஊட்டமான ஜெலட்டினில் இவை வளராது. 1890இல் சூரிக்கில் வினோகிராட்ஸ்கிதான் பிரித்தெடுத்தார்.

இன்று புதுத்தொட்டியில் மீன் விடுமுன் நாலைந்து வாரம் 'சைக்கிள்' ஆகட்டும் என்று சொல்கிறோமே, அது மகன் வாரிங்டன் துரத்திய பாக்டீரியாக்கள் மணலில் குடியேறக் கொடுக்கும் அவகாசம். செடி நிறைந்த தொட்டியில் அம்மோனியாவைச் செடியே நேரடியாக உண்டுவிடும் என்று டயானா வால்ஸ்டட் 1999இல் எழுதிய புத்தகம் விளக்குகிறது. அடிமண் போட்ட, சிலிண்டர் இல்லாத தொட்டிகள் இன்று பரவலாக இருப்பதற்கு அந்தப் புத்தகம் முக்கியக் காரணம். அப்பாவின் செடியும் மகனின் பாக்டீரியாவும் ஒரே அம்மோனியாவுக்குப் போட்டி போடுகின்றன. லாபம் மீனுக்கு.

எங்கள் மாடியைப் பெருக்க வரும் அக்கா ஒருநாள் தொட்டியை உற்றுப் பார்த்தார். "மீனு சரி தம்பி. இந்த நத்தை எதுக்கு?"

"அழுக்கத் தின்னும்க்கா. அதால்தான் தண்ணி தெளிவா இருக்கு."

"அப்ப மீனுக்குப் போடுற மாதிரி அதுக்கும் எதாச்சும் போடுறியா?"

இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போனார். அந்த மாடியில் மட்டும் 40 அறைகள், பெருக்குவது அவர் ஒருவர்.

தானாக இயங்கும் அமைப்பு என்று எதையாவது கேள்விப்படும்போது, என் தொழிலில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை, நான் இப்போது அதில் நத்தை எங்கே என்று தேடுகிறேன். வாரிங்டனிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: தொட்டி தெளிந்ததும் நத்தையை அவர் மறைக்கவில்லை, கட்டுரைக்குள்ளேயே எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் மீனையும் செடியையும் வைத்துக்கொண்டு அதை மறந்தார்கள். இன்று நத்தையைக் கொல்லவே தாமிரம் கலந்த மருந்து விற்கிறது. புதுச்செடியின் இலையடியில் வழவழவென்று முட்டைத்திரள் ஒட்டியிருந்தால் நான் அதைக் கழுவி விடுவதில்லை.